ஐபி டிப்ளோமா படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குளக்கரை_கோவை

வணக்கம். மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ. பதினொன்றாம் வகுப்புக்கு ஐபி டிப்ளோமா (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட், பதினொன்று, பன்னிரண்டுக்கான இரண்டு வருடப் படிப்பு) இருக்கும் பள்ளியில் சேர்க்கலாமா என்று இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். ஒரு பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம். ஒரு மணி நேரம் பேசினார்கள். "பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்கிறோம்" என்பதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள். எப்படித் தயார் செய்கிறீர்கள், அங்கே போன பிள்ளைக்கு எந்த இடத்தில் இது கைகொடுக்கிறது என்று கேட்டேன். பழைய மாணவர்கள் எந்தெந்த நாட்டில் சேர்ந்தார்கள் என்ற பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். சேர்வது ஒன்று, சேர்ந்த பிறகு தாக்குப்பிடிப்பது இன்னொன்று இல்லையா?

இதை ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், நான் பொள்ளாச்சிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கோவையில் கல்லூரி சேர்ந்தவள். முதல் செமஸ்டரிலேயே "நீங்களே ஒரு தலைப்பு எடுத்து அசைன்மென்ட் எழுதி வாருங்கள்" என்றார்கள். தலைப்பை எப்படி எடுப்பது என்றே தெரியவில்லை. நூலகத்தில் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒரு கேள்வியை நானே யோசிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதே இல்லை. என் மகளுக்கு அந்தத் திகைப்பு வரக்கூடாது என்று ஆசை.

அவளுக்கு உயிரியல் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும். டாக்டர் ஆகட்டும் என்று மாமியார் சொல்கிறார், அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பா, "எதில் சேர்த்தாலும் நீட் கதவு மூடாமல் பார்த்துக்கொள்" என்கிறார். கட்டணம் வருடத்துக்குப் பல லட்சம், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். உண்மையில் இது பயன்படுகிறதா?

உப்பங்காற்று

ஆன்ட்டி, நான் சென்னையில் ஐபி முடித்துவிட்டு இப்போது நெதர்லாந்தில் உயிரியல் இரண்டாம் வருடம். நீங்கள் நூலகத்தில் உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது எனக்கு எக்ஸ்டெண்டெட் எஸ்ஸே தொடங்கிய மாதம் ஞாபகம் வந்தது. நானும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் பதினாறு வயதில், பக்கத்தில் ஒரு டீச்சர் இருக்கும்போதே.

ஐபியில் ஒவ்வொரு மாணவரும் தானே ஒரு கேள்வியை எடுத்து, 4000 வார்த்தைக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அம்மாவின் ஊர் வேதாரண்யம் பக்கம். கிணற்றுத் தண்ணீர் வருடா வருடம் உப்பாகிக்கொண்டே போகிறது என்று தாத்தா சொல்வார். அதனால் "உப்புத் தண்ணீரில் பயிர் வளருமா" என்று எழுதி டீச்சரிடம் கொண்டுபோனேன். எந்தப் பயிர், எந்த உப்பு, எவ்வளவு, வளர்வது என்றால் என்ன என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், உப்பின் அளவு ஏற ஏறப் பச்சைப்பயறு முளைப்பது எவ்வளவு குறைகிறது என்ற கேள்வியில் வந்து நின்றது. முளை எத்தனை மில்லிமீட்டர் எட்டிப்பார்த்தால் முளைத்தது என்று கணக்கு வைப்பது? அதையும் நான்தான் முடிவு செய்து காரணம் எழுத வேண்டும். 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்து அளவு உப்புக் கரைசல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தட்டு, தட்டுக்கு இருபது பயறு, மொத்தம் 500. மூன்றாம் நாள் பாதித் தட்டுகளில் பூஞ்சை, ரூம் முழுக்க நாற்றம். அழுதேன். அடுத்த தடவை பயறை நீர்த்த பிளீச்சிங் கரைசலில் கழுவிவிட்டுத் தொடங்கினேன், தீபாவளி லீவு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தபோது 5600 வார்த்தை. 4000க்கு மேல் எழுதியதைத் தேர்வாளர் படிக்க மாட்டார், அதனால் 1600 வார்த்தையை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று பார்க்கும்போதுதான் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்குப் புரிந்தது. டீச்சர் முழு டிராஃப்டை ஒரே ஒரு தடவைதான் படித்துக் கருத்து சொல்லலாம், அவர் நம்மோடு செலவிடும் மொத்த நேரமே மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வரைதான், அது விதி. அப்போது கோபமாக இருந்தது. இங்கே பேராசிரியர் ஒரு தடவைதான் படிப்பார் என்றபோது எனக்கு அது புதிதாக இல்லை.

முதல் செமஸ்டர் லேப் ரிப்போர்ட்டில், சோதனை ஏன் எதிர்பார்த்தபடி வரவில்லை என்று எழுதச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள் சிலர், தப்பை எழுதினால் மார்க் போய்விடும் என்று பயந்து எண்களைச் சரிக்கட்டினார்கள். எனக்குப் பூஞ்சை வந்த தட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய பழக்கம் இருந்தது. என் விஷயத்தில் அது பயன்பட்ட இடம் இதுதான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எஸ்ஸே, ஒவ்வொரு பாடத்துக்கும் இன்டர்னல் அசெஸ்மென்ட் (பள்ளியிலேயே செய்து மதிப்பெண் வாங்கும் வேலை), பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரவு ஒரு மணிக்கு முன் தூங்கிய நாள் குறைவு. வேலையை முன்கூட்டியே பிரித்து வைக்கத் தெரியாத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உடைந்துபோனார்கள்.

பல்லாவரம்_அப்பா

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் சொன்ன நீட் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நாங்கள் அதைக் கோட்டை விட்டோம்.

என் பையன் ஐபியில் உயிரியல், வேதியியல், பிசினஸ் மேனேஜ்மென்ட் எடுத்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஐபி டிப்ளோமாவைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள், அது சரிதான். ஆனால் எம்பிபிஎஸ் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐபியின் வழக்கமான ஆறு பாட அமைப்பில் இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு அறிவியல், கணிதம், ஒரு கலைப் பாடம். கலைக்குப் பதிலாக இன்னோர் அறிவியல் எடுக்கலாம். மூன்றாவது அறிவியலுக்கு அதில் இடமில்லை. மருத்துவம் போன்ற படிப்புக்கு அது தேவை என்று காட்டி, பள்ளி வழியாக ஐபியிடம் தனி அனுமதி வாங்கினால்தான் மூன்றும் எடுக்க முடியும். இதைப் பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் பாதியில் அவன் "அப்பா, டாக்டருக்குப் படிக்கிறேன்" என்று வந்து நின்றபோது இயற்பியல் இல்லை. ஒரு வருடம் போனது. இப்போது பயோடெக்னாலஜி படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான், ஆனால் அந்த ஒரு வருடம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொன்று தேதி. ஐபி தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை நடக்கும். நீட் 2024ல் மே 5, 2025ல் மே 4. அதாவது பிள்ளை ஐபி தேர்வின் நடுவில், 180 நிமிடத்தில் 180 கேள்விக்கு விடை குறித்துவிட்டு வர வேண்டும். ஐபியில் ஒரே கேள்விக்கு அரை மணி நேரம் யோசித்து எழுதிப் பழகிய கைக்கு அது முற்றிலும் வேறு விளையாட்டு. கோச்சிங் தனியாகப் போக வேண்டும், அதற்கு ஐபி நேரம் விடாது. இன்ஜினியரிங் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் ஆறு பாடத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் ரிசல்ட் ஜூலை முதல் வாரம்தான். நம் கவுன்சலிங் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது, சிபிஎஸ்இ, ஸ்டேட் போர்டு பிள்ளைகள் மே மாதமே மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பார்கள்.

நான் ஐபியைக் குறை சொல்லவில்லை. பையன் பேசுகிற விதமே மாறிவிட்டது, எதைச் சொன்னாலும் "இதற்கு ஆதாரம் என்னப்பா" என்று பொறுமையாகக் கேட்பான். அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்து எந்த வாசலில் போய் நிற்கப் போகிறாள் என்பதைப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும்.

சாக்பீஸ்

பதினோரு வருடமாக ஐபியில் கணிதமும் டிஓகேயும் (தியரி ஆஃப் நாலெட்ஜ்) நடத்துகிறேன். மேலே இருவரும் சொன்னது இரண்டும் உண்மை. பல்லாவரத்துச் சார் சொன்ன மாதிரியான பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன், அது பள்ளி செய்யும் தவறு, பெற்றோர் தலையில் போடக்கூடாது.

இந்தப் படிப்பு 1968ல் ஜெனிவாவில் தொடங்கியது. நாடு நாடாக வேலை மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேர ஒரு பொதுச் சான்றிதழ் வேண்டும் என்பதுதான் தேவை. அதன் முதல் இயக்குநர் அலெக் பீட்டர்சன் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர். இங்கிலாந்தில் பதினாறு வயதிலேயே மூன்று பாடத்துக்குள் பிள்ளையைச் சுருக்கிவிடுவது அவருக்கு ஏற்புடையதாக இல்லை. அதனால்தான் அறிவியல் பிள்ளையும் இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல் படித்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் மகளுக்கு உயிரியலும் வரலாறும் பிடிக்கும் என்றீர்களே, நம் ஊர் குரூப் முறையில் அவள் ஒன்றை விட வேண்டியிருக்கும், இங்கே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்திலேயே கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976லிருந்து இதை நடத்துகிறது.

ஆறில் மூன்று பாடம் ஹெச்எல் (உயர் நிலை), பாடத்துக்கு 240 மணி நேரம், மற்ற மூன்று எஸ்எல் (சாதாரண நிலை), 150 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி, ஆக 42. எஸ்ஸேக்கும் டிஓகேக்கும் சேர்த்து 3. மொத்தம் 45, தேற 24 வேண்டும். ஆனால் 24 வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், எஸ்ஸேயிலோ டிஓகேயிலோ கடைசித் தரமான 'இ' கிரேடு வாங்கினால் மற்றப் பாடத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் டிப்ளோமா கிடையாது. வெளியே காசு கொடுத்து எஸ்ஸே எழுதி வாங்குகிற பெற்றோர் இருக்கிறார்கள். அது பிள்ளைக்குச் செய்யும் பெரிய துரோகம். எஸ்ஸே முடிந்ததும் டீச்சர் உட்காரவைத்து வாய்மொழியாகக் கேட்போம், ஏன் இந்த முறை, எங்கே மனம் மாறியது என்று. எழுதாத பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே தலையைக் குனிந்துகொள்ளும். சாட்ஜிபிடியை ஐபி தடை செய்யவில்லை, எடுத்தால் எடுத்தேன் என்று குறிப்பிட வேண்டும் என்று 2023லேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அது எழுதியதைத் தன் எழுத்து என்று கொடுக்க முடியாது.

டிஓகே பற்றி யாரும் சொல்லவில்லை. அறிவு என்பது எப்படி உண்டாகிறது, அதை ஏன் நம்புகிறோம் என்று யோசிக்கும் வகுப்பு. பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. 35 கேள்விகள் கொடுத்திருப்பார்கள், ஒன்றை எடுத்து, அதற்குப் பொருத்தமான மூன்று பொருட்களைக் கொண்டுவந்து விளக்க வேண்டும். "எது அறிவாகக் கணக்கில் வரும்?" என்பது அதில் ஒன்று. என் மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் வாக்கியப் பஞ்சாங்கத்தையும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். இரண்டிலும் ஒரே நாள், ஆனால் திதி முடியும் நேரம் வேறு வேறு. ஒன்று தலைமுறை தலைமுறையாக வந்த வாக்கியங்களை வைத்துக் கணிப்பது, இன்னொன்று வானத்தில் கோள் இருக்கும் இடத்தைத் திருத்திக் கணிப்பது. தாத்தா ஏன் இரண்டாவதைத் தொடவே மாட்டார் என்று அவள் கேட்டாள். வகுப்பில் அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் பிறகு சட்டம் படிக்கப் போனாள், முதல் வருடம் தீர்ப்புகளைப் படிக்கும்போது "மிஸ், இது அந்தப் பஞ்சாங்கம் மாதிரியே இருக்கிறது" என்று மெசேஜ் அனுப்பினாள்.

கணிதம் எடுக்கும்போது கவனம். ஏஏ (அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்), ஏஐ (அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரடேஷன்) என்று இரண்டு வகை இருக்கிறது. பொறியியல், இயற்பியல், கணிதம் என்று போக நினைத்தால் ஏஏ ஹெச்எல் எடுப்பதுதான் நல்லது, பல நல்ல பல்கலைக்கழகங்கள் அதைத்தான் கேட்கின்றன. ஜெர்மனி போக நினைப்பவர்கள், கணிதமோ ஓர் இயற்கை அறிவியலோ ஹெச்எல்லில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், அங்கே மொத்தப் புள்ளியைவிடப் பாடச் சேர்க்கையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

செம்மண்_டொரண்டோ

நான் விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளி, பிறகு அண்ணா பல்கலைக்கழகம், இப்போது கனடாவில் முனைவர் பட்டம். முதல் வருட மாணவர்களுக்கு டுடோரியல் எடுக்கிறேன். அதனால் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

முதல் எட்டு வாரத்தில் ஐபி பிள்ளைகளைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு (சந்தேகம் கேட்க ஒதுக்கிய நேரம்) வருவார்கள், வரும்போது "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள், "இந்த வரி வரை புரிகிறது, இதிலிருந்து இது எப்படி வந்தது" என்பார்கள். மேற்கோள் காட்டத் தெரியும். இந்தியாவிலிருந்து நேராக வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் முதல் கட்டுரையில் மேற்கோள் போடாமல் எடுத்து எழுதி மாட்டிக்கொள்கிறார்கள், திருட வேண்டும் என்று எழுதியதில்லை, யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும், நானும் அப்படி வந்தவன்தான்.

ஆனால் அந்த வித்தியாசம் முதல் வருட முடிவில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஜேஇஇக்குத் தயாரான பிள்ளைகள் கணக்குப் போடும் வேகத்தில் ஐபி பிள்ளைகளைத் தாண்டிப் போவதையும் பார்க்கிறேன். எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு வருடத்தில் எழுதக் கற்றுக்கொள்கிறார்கள், கஷ்டப்பட்டுத்தான், ஆனால் கற்றுக்கொள்கிறார்கள். எனவே கடன் வாங்கிச் சேர்ப்பதற்கு முன் அக்கா, அந்த ஒரு வருட முன்னிலைக்கு இவ்வளவு பணமா என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டப்படிப்பு உறுதி என்றால் கணக்கு வேறு. இங்கே பல பல்கலைக்கழகங்கள் ஹெச்எல்லில் நல்ல புள்ளி வாங்கினால் முதல் வருடப் பாடங்களுக்குக் கிரெடிட் தருகின்றன. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 30 புள்ளியோடு டிப்ளோமா முடித்தால் 30 குவார்ட்டர் யூனிட் கிடைக்கும், டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் தேவையான புள்ளியோடு டிப்ளோமா வாங்கியவர்களுக்கு 24 கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே கட்டும் ஃபீஸில் அது நல்ல தொகை. ஒரே ஓர் எச்சரிக்கை, கிரெடிட் இருக்கிறதே என்று முதல் வருடக் கால்குலஸைத் தாண்டிப் போய், இரண்டாம் வருடத்தில் திணறிய இரண்டு பேரை நான் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அடிப்படை உறுதியாக இருந்தால் மட்டும் தாண்டலாம்.

குளக்கரை_கோவை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகளும் நானும் அவள் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாப் பதிலையும் சத்தமாகப் படித்தோம். பயறு கதையை அவள் இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னாள். பல்லாவரத்து அண்ணன் சொன்ன பிறகு அவள் அப்பா நேராகவே கேட்டார், டாக்டருக்குப் படிக்கிறாயா என்று. "இல்லைப்பா, எனக்கு ஆராய்ச்சிதான் பிடிக்கிறது" என்றாள். இவ்வளவு நாள் நாங்கள் யாரும் அவளை நேராகக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

பணம்தான் இன்னும் யோசனை. செம்மண் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் கோடை லீவில் அவளே ஒரு கேள்வி எடுத்து, அவளே பார்த்து, ஆயிரம் வார்த்தை எழுதட்டும். அது அவளுக்குப் பிடித்திருக்கிறதா, முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஜூனில் ஐபியா, சிபிஎஸ்இயிலேயே தொடர்வதா என்று முடிவு செய்யப் போகிறோம். சிங்காநல்லூர் குளம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "குளத்தில் சாயங்காலம் எத்தனை கொக்கு வருகிறது" என்று எழுதி வைத்திருக்கிறாள். இது சரியா டீச்சர்?

சாக்பீஸ்

நல்ல தொடக்கம். கொக்கு என்றால் எந்தக் கொக்கு என்று கேளுங்கள், சின்னக் கொக்கும் உண்ணிக்கொக்கும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். எந்த இடத்தில் நின்று எண்ணுகிறாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிக்கிறாள், பறந்து போய்த் திரும்பி வந்ததை இரண்டு தடவை எண்ணாமல் இருக்க என்ன செய்கிறாள், இதையெல்லாம் முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். மழை வந்த நாளையும் விடாமல் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பதில் என்ன வர வேண்டும் என்று நீங்கள் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உப்பங்காற்று

பென்சிலில் எழுதச் சொல்லுங்கள் ஆன்ட்டி. என் முதல் நோட்டில் இங்க் கரைந்து பதினோரு நாள் கணக்கு போய்விட்டது.